கரண்ட் பில் ஃபோல்டரில் இருக்கும் அண்ணாவுக்கு

என் ஒரே அண்ணா,

உன்னை 'நீ' என்றுதான் எழுதப் போகிறேன். உயிரோடு இருந்தவரை 'நீங்க'தான். உன் எதிரில் நிற்கும்போது சட்டைப் பொத்தானைக்கூட மேலே வரைக்கும் போட்டுக்கொள்வேன். ஆனால் 'நீங்கள்' என்று எழுத நான்கு எழுத்து வேண்டியிருக்கிறது, 'நீ' என்றால் ஒன்றே போதும். எழுதி எழுதி என் நடுவிரலில் காய்ப்பு வந்துவிட்டது. உனக்காக ஒவ்வொரு வரியிலும் மூன்று எழுத்து கூடுதலாக எழுத எனக்கு மனசில்லை.

ஆமாம், எழுதுவது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை. நீ போன அடுத்த மாதம் சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் காய்கறி விற்கிற அம்மா, அந்தப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற இரண்டு பெண்கள். ஆம்பளை நான் ஒருத்தன்தான். முதல் நாள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது பழகிப்போன விஷயம்தானே, உன்னோடு அத்தனை வருஷம் இருந்தவன் நான்.

இப்போது எல்லாரையும் விட நான்தான் முந்தி. டீச்சர் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், வகுப்பு மலரில் அச்சுப் போடுவார்களாம். காய்கறி அம்மா பஸ் கேட்டு கலெக்டருக்கு எழுதுகிறது. "நீங்க யாருக்கு எழுதறீங்க பெரியவரே?" என்று கேட்டது. எங்க அண்ணனுக்கு என்றேன். "எந்த ஊர்ல இருக்கார்?" என்றது. செத்துப் போயிட்டார் என்றேன். "அப்போ பதில் வராதே, எதுக்கு எழுதறீங்க?" என்றது.

பதில் வராது என்பதால்தான் எழுதுகிறேன். உனக்குப் புரிகிறதா அண்ணா? வாழ்க்கையில் முதல் முறையாக நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே வரப் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மாணிக்கம் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்குப் போனவர். ஆரணியில் டிசைன் வேலைக்குக் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆட்களில் தானும் ஒருத்தன் என்று அவரே சொல்லிக்கொள்வார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் தம்பி துரைசாமி. தறி நெய்கிறவன். எங்கள் அப்பா வீட்டுக்கு ஒருத்தன் படித்தால் போதும் என்று முடிவு செய்தபோது நான் தொட்டிலில் இருந்தேன். எதிர்த்துப் பேச முடியவில்லை.

வயசான பிறகு அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேனா பிடிக்க முடியும், டம்ளர் பிடிக்க முடியும், மவுஸ் மட்டும் பிடிக்க முடியாது. அதுவும் எதையாவது பிடித்து இழுக்கும்போது பாதி வழியில் விரல் துள்ளிவிடும். இழுத்த படம் எங்கேயாவது போய் விழும்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா?

"டேய் தொர, மத்தியானம் சும்மாதானே இருக்கற? வந்து கைய குடு."

"எந்தக் கைங்கண்ணா?"

"சோறு துன்ற கை."

"தலை வேணாங்களா?"

"அத்த வூட்லயே வெச்சிட்டு வா. ஒண்ணும் கொறஞ்சிடாது."

நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள். உனக்கு அப்படிப் பேசத்தான் தெரியும் என்று நாங்கள் இரண்டு பேருமே எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தோம்.

நீ கட்டிக்கொண்டிருந்தது ஒரு விக்கி. இன்டர்நெட்டில் கிடையாது, உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே, உனக்கு மட்டும். நம் குடும்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், நீ போட்ட ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பக்கம், நாம் குடியிருந்த வீடுகளுக்கு ஒவ்வொரு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு பேரைத் தொட்டால் அந்த ஆளின் பக்கம் திறக்கும். அங்கிருந்து இன்னொருத்தர். போட்டோ, குரல் பதிவு, பழைய டிசைன் தாள் எல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராகக் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதிலிருந்து ஒன்றைப் பிடித்து இழுத்துப் பக்கத்தின் மேல் விட்டால் அது அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். "யாருடா அந்த விக்கி, எந்நேரமும் அவன் பேச்சாவே கீது?" என்று அண்ணி ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் நான் கேட்டேன். "படத்த இழுத்துப் போட்டா ஃபோல்டர்ல காலி ஆயிடுமாண்ணா?"

"ஆவாது. பக்கத்துல வந்தது படம் இல்ல, படம் இருக்கற எடத்தோட வெலாசம். வெலாசத்த கிழிச்சாலும் வூடு அங்கயேதான் நிக்கும்." அதோடு விட்டிருக்கலாம். "இதெல்லாம் உனக்கு எதுக்கு? கை இன்னா கேள்வி கேக்குது இன்னிக்கு?" என்றாய்.

அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை அண்ணா.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நீ ஒரு புட்டா வரைந்து வைத்தாய். சேலை உடம்பில் அங்கங்கே வருமே, அந்தப் பூ. அப்பாவுக்கு யானை. அம்மாவுக்குத் தாழம்பூ. அண்ணிக்கு மாங்காய். உன் மகள் வசந்திக்கு மயில். அவள் பிறந்தபோது நீ வரைந்த மயில் அது, அதை வைத்து ஒரு சேலையே போட்டாய். உனக்கு மட்டும் அன்னம். கேட்டால் பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவை என்பாய். படங்களை வைத்த ஃபோல்டர்களின் மேலும் அதே பூக்கள். அதைப் பார்த்துத்தான் நான் எதை எங்கே இழுப்பது என்று தெரிந்துகொண்டேன். நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் பக்கத்துக்கு என்ன போட்டாய்? ரேஷன் கார்டில் இருந்த என் கட்டைவிரல் ரேகையைப் படம் பிடித்துப் போட்டாய்.

பொங்கலுக்கு உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்தபோது கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாய். என் பக்கத்தில் இரண்டே வரி. "துரைசாமி, தம்பி. எழுத்து வராது, கை வரும்." எல்லாரும் சிரித்தார்கள். பெரணமல்லூர் மாமா இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அந்தப் பக்கத்தை உருவாக்கும்போது மவுஸைப் பிடித்தது என் கைதானே. என் கைநாட்டை நானே இழுத்துப் போட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வசந்தி வேலூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அவள் போனில் சொன்னபோது நீ போனை அண்ணி கையில் கொடுத்துவிட்டு முறுக்கு தின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் போடாமல் தின்றாய்.

மறுநாள் மத்தியானம் நான் வந்து உட்கார்ந்ததும் சொன்னாய். "மயில் பக்கத்த எட்."

திறந்தேன்.

"அதுல இருக்கற எல்லாத்தையும் எடுத்துடு. ஒண்ணு ஒண்ணா. அப்புறம் மத்த பக்கத்துல எங்கெங்க அவ மூஞ்சி இருக்கோ, அங்கெல்லாம் எடுத்துடு."

"அண்ணா..."

"கைக்கு வாய் மொளச்சிடுச்சா?"

முதல் படத்தைத் தொட்டு நீக்கச் சொன்னேன். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டன். இரண்டிலும் ஏதோ எழுதியிருந்தது. "பொட்டி வந்துகீதுண்ணா, ரெண்டு கீது," என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கழுத்தைத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் தூக்கி. எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ரெண்டாவத அழுத்து. ஒவ்வொண்ணுக்கும் கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாவது."

நான் முதலாவதை அழுத்தினேன்.

உனக்கு இது தெரியாது. இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்ல வந்த நல்ல சேதியே இதுதான், அதனால்தான் முதல் பக்கத்திலிருந்து அடக்கி வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பட்டனிலும் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: உனக்கு வேண்டியது இரண்டாவது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

படம் பக்கத்திலிருந்து மறைந்தது. "ஆச்சாடா?" என்றாய், திரும்பாமல். "ஆச்சுண்ணா," என்றேன். அடுத்த படம். அடுத்த பெட்டி. முதலாவது. "ஆச்சாடா?" "ஆச்சுண்ணா." அப்படியே பல நாள் மத்தியானம் போனது. நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பெட்டியைப் படித்திருப்பாய், நான் மாட்டியிருப்பேன். பெற்ற மகளை அழிக்கச் சொல்லத் தைரியம் இருந்தது, அழிவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவையாம்!

எல்லாம் முடிந்ததும் மயில் பக்கம் வெள்ளையாக இருந்தது. தலையில் மயில் மட்டும். அதையும் எடுக்கச் சொன்னாய், எடுத்தேன். ஆனால் மயில் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது எல்லாப் படமும் அப்படியே உள்ளே இருந்தது. விலாசத்தைத்தான் கிழித்திருக்கிறேன், வீடு நின்றது. இந்த ஃபோல்டர் உன் கண்ணில் பட்டால் தீர்ந்தது.

நீ எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை இழுத்துப் போடுவது. நீ மோர் குடிக்க எழுந்து போன நேரத்தில் மயில் ஃபோல்டரை இழுத்து இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டேன். கரண்ட் பில்லை எல்லாம் படம் பிடித்துச் சேர்த்து வைத்தாயே, அந்த ஃபோல்டர். அதன் மேல் நீ ஒரு பல்பு வரைந்திருந்தாய். அதைத் திறப்பது உனக்குப் பிடிக்காது, திறந்தாலும் என் கைதான் திறக்க வேண்டும். மயில் உள்ளே போனது. நீ வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய்.

"இன்னாடா இளிச்சிகினு இருக்கற?"

"ஒண்ணும் இல்லண்ணா. கை வந்துடுச்சு."

அப்புறம் நீ போய்ச் சேர்ந்தாய். போகும்போது வசந்திக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாய். நீ கண்ணை மூடிய உடனே அண்ணி செய்த முதல் வேலை அவளுக்குப் போன் செய்ததுதான். நீ இன்னும் சூடாகத்தான் இருந்தாய். வசந்தி "சரிம்மா" என்றாளாம். வரவில்லை.

வீட்டுச் சேதி கேட்பாய். அண்ணி நன்றாக இருக்கிறாள். சதை போட்டிருக்கிறாள். உன் நாற்காலியில் ஒரு பூனை படுத்துக்கொள்கிறது, அதை அவள் விரட்டுவதில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது. உன் ஜன்னலுக்கு எதிர்வீட்டில் பவர்லூம் போட்டுவிட்டார்கள். பகல் முழுக்க சத்தம். நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். அண்ணிக்கு அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

எனக்கு எழுத்து கூட்டிப் படிக்க வந்ததும் முதலில் எதைப் படித்தேன் தெரியுமா? நீயே உன்னைப் பற்றி எழுதிய அன்னப் பக்கத்தை. அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "எளிமையானவர். யார் மனதையும் புண்படுத்தாதவர்." அண்ணி என்னைப் பார்த்தாள். "தம்பி, சரியா படிச்சியா? இன்னொரு வாட்டி படி," என்றாள். படித்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. உன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை அண்ணா.

உன் வருஷத் திவசம் நெருங்கியது. அண்ணி வசந்தியை வரச் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரே குஷி. பல்பு ஃபோல்டரைத் திறந்து மயிலை வெளியே இழுத்தேன். புதிதாகப் பக்கம் போட்டேன். தலையில் மயில். பேரை நானே தட்டினேன், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. பிறகு படங்களை இழுத்து இழுத்துப் போட்டேன். அம்மா பக்கத்தில் பேத்தியாக, அண்ணி பக்கத்தில் மகளாக, மயில் சேலைப் பக்கத்தில் சேலைக்குச் சொந்தக்காரியாக, எங்கெல்லாம் கிழிக்கச் சொன்னாயோ அங்கெல்லாம். கடைசியாக உன் அன்னப் பக்கத்தில். அங்கே கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். உன் "எளிமையானவர்" வரிக்குக் கீழே அவளும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிற படம். அண்ணிக்குப் போனில் வந்திருந்த படம். நல்ல ஜோடி. உனக்கு நன்றாக எரியட்டும் என்றுதான் பெரிதாகப் போட்டேன்.

அவள் பார்த்ததும் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். "அழுவாத கண்ணு, சித்தப்பா இருக்கேன்," என்று சொல்ல வேண்டும்.

திவசத்தன்று பஸ்ஸில் தனியாக வந்தாள். ஐயர் போன பிறகுதான் வந்தாள், வேண்டுமென்றே. இளைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். பூனையை இறக்கிவிட்டு உன் நாற்காலியில்.

"இன்னா சித்தப்பா, நீங்க கம்ப்யூட்டர் நோண்டறீங்களா?"

"நோண்டறதா? படிக்கறேன்மா. இங்க பாரு. வ. ச. ந். தி."

"அடேங்கப்பா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்ன வயசில் இருந்த மாதிரியே இருந்தது.

ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டினேன். பட்டுப் பாவாடையில் ஒன்று. பல் விழுந்த வாயோடு ஒன்று. புது சைக்கிளில் அவள் உட்கார்ந்திருக்க, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிற படம். அப்புறம் ஒரு குரல் பதிவு. அவள் சின்னப் பிள்ளையாக வாய்ப்பாடு சொல்லுகிறாள், நடுவில் உன் குரல் வருகிறது. "தப்பு. மொதல்லேர்ந்து." அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள். "தப்பு. மொதல்லேர்ந்து." கடைசி வரைக்கும் வேறு ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. அதையும் மகளின் குரல் என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய்.

வசந்தி அதை முழுசாகக் கேட்டாள். அழவில்லை.

"இதெல்லாம் எடுத்துட்டாருன்னு அம்மா சொன்னாங்களே?"

"எடுக்கச் சொன்னாரு. நான் போட்டுட்டேன்."

"எடுக்கும்போது யார் கை எடுத்துச்சு சித்தப்பா? அவருக்குதான் கை நடுங்குமே."

"என் கைதாம்மா."

தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை, கணக்கைச் சரி பார்க்கிற மாதிரி. "அப்போ அதே கையால இப்போ அவர எடுத்துடுங்க."

"எங்கேர்ந்து?"

"எல்லா எடத்துலேர்ந்தும். என் பக்கத்துலேர்ந்து, ஆயா பக்கத்துலேர்ந்து, அம்மா பக்கத்துலேர்ந்து. அவர் மூஞ்சி எங்கெங்க இருக்கோ, கொரல் எங்கெங்க இருக்கோ."

நான் அண்ணியைப் பார்த்தேன். கதவோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தடுப்பாள் என்று நினைத்தேன். "எடுத்துடு தம்பி," என்றாள். "எத்தினி வருஷம் பாத்த மூஞ்சி. எனக்கு மறக்கவா போவுது? எட்."

"வசந்தி, அவரு இல்லாத படம் கொஞ்சம்தாம்மா கீது. அவர எடுத்தா உன் படமும் பாதி பூடும்."

"போவட்டும்."

"இந்த சைக்கிள்..."

"ஜல்தி பண்ணுங்க சித்தப்பா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

சைக்கிள் படத்தைத் தொட்டு நீக்கச் சொன்னேன். பெட்டி வந்தது. அதே பெட்டி, அதே இரண்டு பட்டன். ஆனால் இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் அண்ணா. விரலை வைத்து மெதுவாக, வகுப்பில் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தேன். மேலே இருந்தது: "இணைப்பை மட்டும் நீக்கு." கீழே: "கோப்பையும் சேர்த்து அழி."

படித்து முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கழுத்தைத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் தூக்கி. உன் நாற்காலி, உன் ஜன்னல். எதிர்வீட்டுப் பவர்லூம் அடித்துக்கொண்டிருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை. யாரை வேண்டாம் என்று தலைமுழுகினாயோ, அவள் உன் கழுத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அங்கேயே இன்னொரு தடவை செத்திருப்பாய்.

"ரெண்டாவத அழுத்துங்க," என்றாள்.

நான் முதலாவதை அழுத்தினேன்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி வந்தது, ஒவ்வொரு தடவையும் படித்தேன், உரக்க இல்லை, வாய்க்குள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசியில், நான் பெரிதாகப் போட்ட மாலைப் படத்தையும் மயில் பக்கத்துக்கு மாற்றிய பிறகு, உன் அன்னப் பக்கம் வெள்ளையாக நின்றது. "எளிமையானவர்" என்ற வரியையும் அழித்தேன். அதற்கு அவள் சொல்லவில்லை, அது என் சொந்த ஆசை. யார் பக்கத்திலிருந்தும் உன்னிடம் வர இப்போது வழி இல்லை. அப்பாவின் யானைப் பக்கத்தில் மகன் என்று தொட்டால் என் கைநாட்டுதான் திறக்கிறது.

அவளைப் பஸ் ஏற்றிவிட நடந்து போனோம். நிறுத்தத்தில் நிற்கும்போது "தேங்க்ஸ் சித்தப்பா," என்றாள். நான் ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அழவே இல்லையே, எப்படிச் சொல்வது? பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உன் அன்ன ஃபோல்டர் அங்கேயே கிடந்தது. உன் படம், உன் குரல், உன் டிசைன் முன்னால் நீ நின்று எடுத்துக்கொண்டது எல்லாம். மயில் ஃபோல்டரிலிருந்து உன்னோடு அவள் இருந்த படங்களையும் அதில் சேர்த்தேன். முழுசாகப் பிடித்து இழுத்தேன். நீ பார்த்திருந்தால் என் கையை மெச்சியிருப்பாய், நடுவில் ஒரு தடவைகூட விரல் துள்ளவில்லை. பல்பு போட்ட ஃபோல்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டேன்.

கரண்ட் பில்லோடு இரு அண்ணா. நீ எழுந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள். அதே இருட்டு, அதே பில், இடம் மாறவில்லை. உனக்குத் துணைக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது. அதில் ஆறு வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கேரியரை நீதான் பிடித்துக்கொண்டிருக்கிறாய். உன்னை மட்டும் கத்தரித்துப் போட முடியவில்லை, அவள் விழுந்துவிடுவாள்.

அங்கே நீ எப்படி இருக்கிறாய்? யாராவது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாயா? அவளும் அப்படித்தான் இருந்திருப்பாளோ?

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். நானாக உன்னை வெளியே இழுக்க மாட்டேன். உன் ஞாபகம் வந்தாலும் இழுக்க மாட்டேன். வருகிறது, அதைப் பற்றி உனக்கு என்ன. இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதி வேலூருக்கு அனுப்புவேன். வசந்தி படிப்பாள். நான் முதலாவதை அழுத்தினேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும். என்னைத் திட்டுவாள், திட்டட்டும். பல்பு போட்ட ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். அவள் வந்து திறக்கலாம். திறந்து உன்னை இழுத்து மயில் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இல்லை என்றால் பிடித்து அழிக்கச் சொல்லலாம். அழிக்கச் சொன்னால் பெட்டி வரும். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், அப்போது மவுஸ் அவள் கையில் இருக்கும். என் கை சட்டைப் பையில் இருக்கும். வெளியே எடுக்க மாட்டேன்.

அதுவரைக்கும் கரண்ட் பில்லை மாதா மாதம் படம் பிடித்து உன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வருவேன். பாதி உன் பழக்கம், பாதி உன்னைப் பார்க்கிற சாக்கு.

எழுத்தும் வருகிற,
உன் கைநாட்டுத் தம்பி,
துரைசாமி
சேவூர்